குடல் அடைப்புக்கு ஆபரேஷன் இல்லை என்றார்கள்: அம்மாவை வீட்டில் எப்படிப் பார்த்துக்கொள்வது?

கேள்வி: அம்மாவுக்கு 61 வயது, சினைப்பைப் புற்றுநோய். மூன்று வகை கீமோ பார்த்தாயிற்று, இனி கொடுத்துப் பலனில்லை என்று சொல்லிவிட்டார்கள். பத்து நாளாக வாந்தி, வயிறு உப்பல், மோஷன் போகவில்லை, காற்றும் பிரியவில்லை. ஸ்கேனில் குடலில் பல இடங்களில் அடைப்பு, வயிற்றில் நீர். ஆபரேஷன் செய்ய முடியாது என்று சர்ஜன் சொல்லிவிட்டார், மூக்கு வழியாக இரைப்பைக்குப் போகிற ரைல்ஸ் டியூபோடு வீட்டுக்கு அழைத்துப்போகச் சொல்கிறார்கள். சித்தி விளக்கெண்ணெய் கொடுத்துப் பார்க்கலாம் என்கிறார். மாமா வேறு ஆஸ்பத்திரியில் சேர்த்து குளுக்கோஸ் ஏற்றலாம் என்கிறார். அம்மா ஒரு வாய் காபி கேட்கிறார். நாங்கள் என்னதான் செய்வது? – பெரம்பூரிலிருந்து ஒரு மகள்.

முதல் வேலையாக அந்த விளக்கெண்ணெய் பாட்டிலை எடுத்து ஒளித்து வையுங்கள். விளக்கெண்ணெய், நிலாவாரைச் சூரணம், டல்கோலாக்ஸ் மாத்திரை எல்லாமே குடலை முறுக்கித் தள்ள வைக்கிற சரக்குகள். வழி திறந்திருக்கிற குடலுக்கு அது சரி. உங்கள் அம்மாவின் குடல் ஏற்கெனவே அடைப்பைத் தாண்ட முடியாமல் முக்கிக்கொண்டிருக்கிறது. அதை இன்னும் விரட்டினால் வலி சுருட்டிப் பிடிக்கும், வாந்தி கூடும், மோசமாகப் போனால் குடலே ஓட்டை விழலாம். இசப்கோலும் வேண்டாம், அது தண்ணீரை இழுத்துக்கொண்டு அடைப்புக்கு மேலே களியாகத் தங்கிவிடும். இதற்காகச் சித்தியோடு சண்டை போட வேண்டியதில்லை. மலச்சிக்கலுக்குப் பரம்பரையாகக் கொடுத்து வந்த மருந்துதான், ஆனால் அம்மாவுக்கு இப்போது இருப்பது மலச்சிக்கல் இல்லை என்று எடுத்துச் சொன்னால் போதும்.

சர்ஜன் கையை விரித்துவிட்டார் என்று நினைத்துக் கலங்கியிருப்பீர்கள். நீங்கள் எழுதியதை வைத்துப் பார்த்தால் அவர் சொன்னது நியாயமாகத்தான் படுகிறது. ஒரே இடத்தில் அடைப்பு, வயிற்றில் நீர் இல்லை, ஆள் எழுந்து நடமாடுகிறார், இன்னும் கொடுக்கக் கீமோ மிச்சம் இருக்கிறது என்றால் கத்தி வைப்பதைப் பற்றிப் பேசலாம். பெருங்குடலின் இடப்பக்கத்திலோ இரைப்பை முடிகிற இடத்திலோ மட்டும் அடைப்பு என்றால் எண்டோஸ்கோபி வழியாக ஸ்டென்ட் என்கிற உலோக வலைக்குழாய் வைத்து வழி திறக்க முடியும். சினைப்பைப் புற்றுநோயில் பெரும்பாலும் அப்படி அமைவதில்லை, வயிற்றுச் சவ்வு முழுக்கப் பரவி நாலைந்து இடத்தில் குடலைப் பிடித்து இழுத்து வைத்திருக்கும், ஒரு முடிச்சை அவிழ்த்தால் அடுத்தது அப்படியே இருக்கும். ஆபரேஷன் செய்யலாம் என்ற நிலையில் இருந்தவர்களையே ஆபரேஷன் ஒரு பக்கம், ஆபரேஷன் இல்லாத வைத்தியம் ஒரு பக்கம் என்று இரண்டு பிரிவாக்கி ஒப்பிட்டு, 2023-இல் வெளியான ஓர் ஆய்வில், முதல் மூன்று மாதத்தில் ஆஸ்பத்திரிக்கு வெளியே உயிரோடு இருந்த நாட்கள் இரு தரப்புக்கும் ஏறக்குறைய ஒன்றாகவே இருந்தன. அதனால் ஆபரேஷன் செய்யாமல் விட்டோமே என்று உங்களை நீங்களே வதைத்துக்கொள்ளாதீர்கள்.

டிஸ்சார்ஜுக்கு முன் ஒன்றை மட்டும் கேட்டுக்கொள்ளுங்கள்: ஆசனவாயில் விரல் விட்டுப் பார்த்தார்களா, அங்கே கட்டி மலம் ஏதும் அடைத்துக்கொண்டிருக்கிறதா? வலி மாத்திரை தொடர்ந்து சாப்பிடுகிறவர்களுக்கு மலமே இறுகிப்போய் அடைப்பு மாதிரி காட்டும். ஸ்கேன் பார்த்துவிட்டதால் அநேகமாக இதை யோசித்திருப்பார்கள், இருந்தாலும் கேட்பதில் தப்பில்லை.

சரி, அடைப்பை எடுக்க முடியாது என்றால் வாந்தியை எப்படி நிறுத்துவது? இந்த இடத்தில்தான் வீட்டுக்காரர்கள் குழம்புகிறார்கள். 'ஒன்றுமே சாப்பிடவில்லையே, எங்கிருந்து இவ்வளவு வாந்தி?' என்று எல்லோரும் கேட்பார்கள். எச்சில், இரைப்பை நீர், பித்தம், கணைய நீர், குடலே சுரக்கிற நீர் எல்லாம் சேர்ந்தால் நம் ஒவ்வொருவர் வயிற்றிலும் ஒரு நாளைக்கு 7, 8 லிட்டர் ஓடுகிறது. வழக்கமாகக் குடல் அதில் பெரும்பகுதியைத் திரும்ப உறிஞ்சிக்கொள்ளும். அடைப்பு இருந்தால் அடைப்புக்கு மேலே தேங்கும், தேங்கியதால் குடல் உப்பும், உப்பிய குடல் இன்னும் அதிகமாகச் சுரக்கும், கழிவுநீர்க் குழாயில் அடைப்பு இருக்கும்போது மேலே குழாயைத் திறந்து விட்ட கதைதான். ஆகவே இந்த நிலையில் வைத்தியம் என்பது மேலே இருக்கிற குழாயை மூடுவது, குடலின் முறுக்கலைத் தளர்த்துவது, குமட்டலை மூளையிலேயே தடுப்பது, வலியை அடக்குவது. இவை எல்லாவற்றுக்கும் மருந்து இருக்கிறது. முற்றிய நோயாளிகளைப் பராமரிக்கிற லண்டன் செயின்ட் கிறிஸ்டோபர்ஸ் ஹாஸ்பிஸ் மருத்துவர்கள் இப்படி மருந்தை மட்டும் வைத்து, ஆபரேஷனும் இல்லாமல், மூக்கு டியூபும் டிரிப்ஸும் பெரும்பாலும் இல்லாமலே இந்த நோயாளிகளைப் பார்த்துக்கொள்ள முடியும் என்று 1985-இல் லான்செட் இதழில் எழுதினார்கள். நாற்பது வருஷம் ஆகிவிட்டது. நம் ஊரில் இன்னமும் 'ஆபரேஷன் முடியாது, வீட்டுக்குப் போங்க' என்பதோடு பேச்சு முடிந்துவிடுகிறதே என்பதுதான் எனக்கு ஆற்றாமை.

மருந்துகளின் பெயரைத் தெரிந்து வைத்துக்கொள்ளுங்கள், சீட்டில் பார்த்தால் பயப்படாமல் இருக்க உதவும். சுரப்பையும் முறுக்கலையும் குறைக்க ஹையோசின் பியூட்டைல்புரோமைடு, அதாவது பஸ்கோபான். மாத்திரையாகக் கொடுத்தால் உடம்பில் சரியாகச் சேராது, ஊசியாகத்தான் போட வேண்டும், ஒரு நாளைக்கு 60 முதல் 120 மி.கி. வரை போகும். வாய் வறளும், சிலருக்குச் சிறுநீர் நிற்கும், அதைக் கவனிக்க வேண்டும். குமட்டலுக்கு ஹாலோபெரிடால். மருந்துக்கடையில் இதை வாங்கும்போது 'இது மனநோய் மாத்திரையாச்சே' என்று யாராவது சொல்வார்கள், கூகுளும் அதையேதான் சொல்லும். அந்த நோய்க்கும் அது மருந்துதான், ஆனால் இங்கே ஒரு நாளைக்கு 1.5 முதல் 5 மி.கி. என்ற சின்ன அளவில், மூளையில் வாந்தியைத் தூண்டுகிற இடத்தை அடக்கத்தான் கொடுக்கிறோம். அம்மாவுக்குப் புத்தி ஏதோ ஆகிவிட்டது என்று நினைத்துவிடாதீர்கள்.

டெக்ஸாமெதசோன் என்கிற ஸ்டீராய்டு, அடைப்பைச் சுற்றியிருக்கிற வீக்கத்தைக் குறைக்கும். சிலருக்கு நாலைந்து நாளில் அடைப்பு கொஞ்சம் இளகி காற்றுப் பிரிய ஆரம்பிக்கும், எல்லோருக்கும் அந்த அதிர்ஷ்டம் கிடைப்பதில்லை. காலையிலேயே போட்டுவிட வேண்டும், சாயந்திரம் போட்டால் ராத்திரி முழுக்கக் கொட்டக் கொட்ட விழித்திருப்பார். சர்க்கரை இருந்தால் ஏறும். ஒரு வாரத்துக்குள் பலன் தெரியாவிட்டால் நிறுத்திவிடுவதுதான் வழக்கம்.

ஆக்ட்ரியோடைட் பற்றித் தனியாகச் சொல்ல வேண்டும், ஏனென்றால் பில்லில் கனமாக நிற்பது அதுதான். குடல் சுரப்பை நன்றாகக் குறைக்கிற மருந்து, ஒரு நாளைக்கு 300 முதல் 600 மைக்ரோகிராம் கொடுப்பார்கள், ஃப்ரிட்ஜில் வைக்க வேண்டும். ஆனால் ஸ்டீராய்டும், இரைப்பை அமிலத்தைக் குறைக்கிற ரானிடிடினும் ஏற்கெனவே கொடுத்துக்கொண்டிருந்தவர்களுக்கு இதையும் சேர்த்துப் பார்த்த, 2015-இல் வெளியான ஆஸ்திரேலிய ஆய்வில், வாந்தியில்லாத நாட்கள் ஒன்றும் கூடவில்லை. அதனால் என் பழக்கம், பஸ்கோபானில் அடங்காத, லிட்டர் கணக்கில் வாந்தி எடுக்கிறவர்களுக்கு மூன்று நாள் கொடுத்துப் பார்ப்பது, குறைந்தால் தொடர்வது, இல்லையென்றால் விட்டுவிடுவது. இதற்காக நகையை அடகு வைக்க வேண்டிய நிலை என்றால் டாக்டரிடம் வெளிப்படையாகச் சொல்லுங்கள். அது இல்லாமலும் வண்டி ஓடும்.

சீட்டில் மெட்டோகுளோபிரமைடு (பெரினார்ம்) அல்லது டொம்பெரிடோன் இருந்தால் மட்டும் திரும்பக் கேளுங்கள். வாந்தி என்றதுமே கைப்பழக்கத்தில் எழுதிவிடுகிற மருந்துகள் இவை. குடலைத் தள்ள வைப்பவை என்பதால் அரைகுறை அடைப்பில், சுருட்டி வலி இல்லாதவர்களுக்கு உதவும், முழு அடைப்பில் கெடுதல். பஸ்கோபானோடு சேர்த்துக் கொடுத்தால் ஒன்று இழுக்க இன்னொன்று தள்ள, இரண்டுமே வீண். எமிசெட் எனப்படும் ஒண்டான்செட்ரான் குடலை மந்தமாக்கும், முதல் தேர்வாக வேண்டாம், மற்றவை கேட்காதபோது பரவாயில்லை.

இதையெல்லாம் வீட்டில் எப்படிக் கொடுப்பது? வாய்வழி முடியாது, நரம்பு ஊசி வேண்டியதில்லை. மேல்கையிலோ நெஞ்சின் மேல்பக்கத்திலோ தோலுக்கு அடியில் ஒரு சின்ன பட்டர்ஃபிளை ஊசியைச் செருகி, மேலே ஒளி தெரிகிற பிளாஸ்டர் ஒட்டிவிடுவார்கள். பேட்டரியில் ஓடுகிற சிரிஞ்ச் பம்ப் கிடைத்தால் ஒரு நாள் மருந்து முழுவதையும் அதில் ஏற்றிவிட்டால் 24 மணி நேரம் சொட்டுச் சொட்டாகப் போகும். கிடைக்காவிட்டால் அதே பட்டர்ஃபிளை வழியாக ஆறு அல்லது எட்டு மணிக்கொரு முறை நீங்களே மருந்தைச் செலுத்தலாம். கேட்கப் பயமாக இருக்கும். நர்ஸ் பக்கத்தில் இருந்து இரண்டு மூன்று முறை செய்ய வைத்தால் வந்துவிடும், பத்தாவது படித்த பையன்களே இதைக் கச்சிதமாகச் செய்கிறார்கள். செருகிய இடம் சிவந்தாலோ கல் மாதிரி கட்டினாலோ இடத்தை மாற்றச் சொல்லுங்கள். எந்த மருந்தை எதோடு கலக்கலாம் என்பதை மட்டும் சொந்தமாக முடிவு செய்யாதீர்கள், டெக்ஸாமெதசோன் மற்றவற்றோடு சேர்ந்தால் திரியும், அதைத் தனியாகப் போடுவதே நல்லது.

வலிக்கு மார்ஃபின். மூச்சை நிறுத்திவிடும், பழக்கமாகிவிடும் என்று சொந்தக்காரர்கள் கிளப்பிவிடுவார்கள். வலிக்கேற்ற அளவில் படிப்படியாகக் கூட்டினால் மூச்சை அடக்காது. பழக்கமாவது பற்றிக் கவலைப்படுகிற கட்டமா இது என்பதை நீங்களே யோசியுங்கள். வழக்கமாக மார்ஃபினோடு மலமிளக்கியும் சேர்த்து எழுதுவோம், முழு அடைப்பில் அது கிடையாது, மலமிளக்கி சீட்டில் இருந்தால் எடுத்துவிடச் சொல்லுங்கள். மார்ஃபின் தெருமுனை மெடிக்கலில் கிடைக்காது. 1985-ஆம் ஆண்டு போதைப்பொருள் சட்டம் கெடுபிடியாக இருந்தது, 2014-இல் திருத்திய பிறகு அங்கீகாரம் பெற்ற ஆஸ்பத்திரிகள் வாங்கி வைத்து நேரடியாகக் கொடுக்கின்றன. தோலில் ஒட்டுகிற ஃபென்டனில் என்ற வலி மருந்துப் பட்டை இன்னொரு வழி. ஒன்றை ஒட்டினால் 72 மணி நேரம் வரும், ஆனால் வேலை செய்யத் தொடங்கவே அரை நாளுக்கு மேல் ஆகும், அதுவரை ஊசி வேண்டும். சென்னை வெயிலில் ஒன்றைக் கவனியுங்கள்: சூடு பட்டால் பட்டையிலிருந்து மருந்து வேகமாக இறங்கும். பட்டை மேல் வெந்நீர் ஒத்தடம் கூடாது, காய்ச்சல் வந்தால் டாக்டருக்குச் சொல்லுங்கள்.

ரைல்ஸ் டியூப் காலத்துக்கும் இருக்க வேண்டியதில்லை. முட்ட முட்ட நிறைந்திருக்கிற வயிற்றை முதலில் காலி செய்ய அது நல்லதுதான், உங்கள் அம்மாவுக்கும் அதைப் போட்டதும் கொஞ்சம் நிம்மதி கிடைத்திருக்கும். ஆனால் மூக்கில் புண், தொண்டையில் உறுத்தல், பேசினால் வலி, இதோடு கடைசி நாட்களைக் கழிக்க வேண்டிய கட்டாயம் இல்லை. ஊசி மருந்துகள் தொடங்கி இரண்டு மூன்று நாளில் டியூபில் வருகிற அளவு நன்றாகக் குறைந்தால், சில மணி நேரம் மூடி வைத்துப் பார்த்துவிட்டு எடுத்துவிடலாம். எடுத்த பிறகு ஒரு நாளைக்கு ஒரு முறையோ இரண்டு முறையோ வாந்தி வரலாம். குமட்டல் இல்லாமல், வந்தால் வந்துபோகிற அந்த வாந்தியைப் பல நோயாளிகள் டியூபை விட மேல் என்கிறார்கள். எதை விரும்புகிறார் என்று அம்மாவிடமே கேளுங்கள். எதற்கும் அடங்காத வாந்தி என்றால் வயிற்றுத் தோல் வழியாக இரைப்பைக்குள் ஒரு குழாய் வைத்து வெளியே பையில் வடியவிடுகிற வழி இருக்கிறது. நீர் கோத்த வயிற்றில் முதலில் நீரை எடுத்துவிட்டுத்தான் அதைச் செய்ய முடியும், எல்லோருக்கும் ஒத்துவராது. அமைந்துவிட்டால் மூக்கு விடுதலை ஆகிவிடும், குடிப்பது பை வழியே வெளியே வந்துவிடுவதால் காபி, மோர், ரசம் எதையும் ருசிக்காகக் குடிக்கலாம்.

காபி விஷயத்துக்கு வருகிறேன். கொடுங்கள். வடிகட்டிய நல்ல காபி, டபராவில் ஆற்றி, இரண்டு மூன்று வாய். ஆஸ்பத்திரியில் கட்டில் தலைமாட்டில் 'வாய்வழி எதுவும் கூடாது' என்று தொங்கவிட்டிருப்பார்கள், ஆபரேஷனுக்குக் காத்திருக்கிறவருக்கு எழுதிய விதி அது. ஆபரேஷன் இல்லை என்றான பிறகு அந்த அட்டையை யாரும் கழற்றுவதில்லை. வாந்தியாக வந்தாலும் வரட்டும், அந்த ருசி வாயில் கொஞ்ச நேரம் இருந்ததே. வாந்தியைப் பார்த்து அவரே இனி வேண்டாம் என்றால் விட்டுவிடுங்கள். பின்னால் அடைப்பு இளகிக் காற்றுப் பிரிந்தால் இளநீர், தெளிந்த ரசம், கஞ்சித் தண்ணீர், நீர் மோர் என்று கொஞ்சம் கொஞ்சமாகப் போகலாம், அப்போதும் கீரை, வாழைத்தண்டு, முருங்கைக்காய், சுண்டல் பக்கம் போகக் கூடாது, நார் போய்ச் சிக்கிக்கொள்ளும்.

மாமா சொல்கிற குளுக்கோஸுக்கு ஒரு கணக்குச் சொல்கிறேன். 5 சதவீத டெக்ஸ்ட்ரோஸ் அரை லிட்டர் பாட்டிலில் இருப்பது 25 கிராம் சர்க்கரை, கிட்டத்தட்ட நூறு கலோரி, அதாவது இரண்டு இட்லி. அதற்காக நரம்பு தேடித் தேடிக் குத்தி, கட்டிலோடு கட்டிப்போட வேண்டுமா? 'பட்டினி போட்டுக் கொல்கிறோமே' என்கிற குற்ற உணர்ச்சிதான் மாமாவைப் பேசவைக்கிறது, எனக்குப் புரிகிறது. ஆனால் அம்மா மெலிவது நோயால், பட்டினியால் இல்லை. டிரிப்ஸைக் கண்டபடி ஏற்றினால் அந்த நீரும் குடலில் சுரந்து வாந்தியாகத்தான் வரும், மிச்சம் காலிலும் வயிற்றிலும் கோக்கும். நா வறண்டு, மயக்கமாக இருந்தால் அரை லிட்டரிலிருந்து ஒரு லிட்டர் சலைனை அதே மாதிரி தோலுக்கு அடியில் ராத்திரி மெதுவாக இறக்கலாம், வீட்டிலேயே முடியும். தாகத்துக்கு வாயை ஈரமாக வைத்திருப்பதே பெரிய நிவாரணம்: ஐஸ் துண்டு, இளநீரை ஐஸ் டிரேயில் உறைய வைத்த கட்டி, ஈரப் பஞ்சு, உதட்டில் தேங்காய் எண்ணெய். இதை மாமாவின் பொறுப்பில் விடுங்கள், அரை மணிக்கொருதரம் செய்கிற வேலை கையில் இருந்தால் அவரும் ஓய்ந்து உட்கார்வார். நரம்பு வழியாக முழுச் சாப்பாடும் ஏற்றுவது, இன்னும் கீமோ எடுக்கப்போகிற ஒரு சிலருக்குத்தான், உங்கள் அம்மாவின் நிலையில் கிருமித் தொற்றைத் தவிர வேறொன்றும் தராது. வயிற்று நீர் அழுத்தினால் மட்டும் அவ்வப்போது எடுத்துவிடச் சொல்லுங்கள், மூச்சும் இலகுவாகும்.

சென்னையில் இதற்கு எங்கே போவது? 1954-இல் தொடங்கிய அடையாறு புற்றுநோய் மருத்துவமனையிலும், அரசு ஆஸ்பத்திரிகளில் ராயப்பேட்டையிலும், சென்ட்ரல் பக்கம் இருக்கிற ராஜீவ் காந்தி அரசுப் பொது மருத்துவமனையிலும் விசாரியுங்கள். மணலி பக்கம் மாத்தூரில் ஜீவோதயா ஹாஸ்பிஸ் இருக்கிறது, முற்றிய புற்றுநோயாளிகளை வைத்துப் பார்த்துக்கொள்கிற இடம், பெரம்பூரிலிருந்து தூரமில்லை. 2021-இல் தொடங்கிய மக்களைத் தேடி மருத்துவம் திட்டத்தில், வலி, வாந்தி மாதிரி அவதிகளைக் குறைக்கிற நோய் ஆதரவு சிகிச்சையும் (பாலியேட்டிவ் கேர்) சேர்ந்திருக்கிறது. உங்கள் பகுதி மாநகராட்சி ஆரம்ப சுகாதார நிலையத்தில் அம்மாவின் பெயரைப் பதிந்துவையுங்கள், வீட்டுக்கு நர்ஸ் வருவதைப் பற்றிக் கேளுங்கள். இப்போது இருக்கிற ஆஸ்பத்திரியில் பாலியேட்டிவ் டாக்டர் இருந்தால், அவர் ஒரு முறை பார்த்து ஊசி மருந்துகளைத் தொடங்கி, வாந்தி அடங்கிய பிறகு டிஸ்சார்ஜ் வாங்குவது நல்லது. வெறும் டியூபோடு கிளம்பினால் மூன்றாம் நாள் ராத்திரி ஆம்புலன்ஸில் திரும்பி வருவீர்கள்.

நீங்கள் கேட்காத கேள்வி ஒன்று இருக்கிறது, எவ்வளவு நாள் என்று. முழு அடைப்பு, ஆபரேஷன் இல்லை என்றால் பெரும்பாலும் வாரக் கணக்கு, சிலருக்குச் சில மாதங்கள். அம்மா பார்க்க வேண்டியவர்கள், சொல்ல வேண்டியவை இருந்தால் தள்ளிப்போட வேண்டாம். வெளியூரில் தம்பி, தங்கை இருந்தால் இந்த வாரமே வரச் சொல்லுங்கள்.

திடீரென்று விட்டுவிடாத கடும் வலி வந்து வயிறு பலகை மாதிரி இறுகினால் குடல் ஓட்டையாகியிருக்கலாம், காய்ச்சலும் சேரும். காபித்தூள் நிறத்தில் வாந்தி வந்தால் ரத்தம். அந்த நேரத்தில் 108-ஐக் கூப்பிட்டு ஆஸ்பத்திரிக்கு ஓடுவதா, வீட்டிலேயே வலியையும் பதற்றத்தையும் அடக்குகிற ஊசியைப் போட்டு வைத்திருப்பதா என்பதை இப்போதே, அம்மா தெளிவாகப் பேசுகிறபோதே முடிவு செய்துகொள்ளுங்கள். வீடு என்றால் அந்த ஊசி மருந்தும், டோஸ் எழுதிய சீட்டும், ராத்திரி கூப்பிட வேண்டிய நம்பரும் ஒரே டப்பாவில் இருக்கட்டும். அப்புறம் ஒரு நோட்டு போடுங்கள். வாந்தி எத்தனை முறை, டியூப் பையில் எத்தனை மில்லி, காற்றுப் பிரிந்ததா, வலிக்குக் கூடுதல் ஊசி எத்தனை மணிக்குக் கொடுத்தீர்கள் என்று முதல் மூன்று நாள் எழுதுங்கள், அதைப் பார்த்துத்தான் டாக்டர் டோஸைக் கூட்டுவதா, டியூபை எடுப்பதா என்று சொல்வார்.